நோவுக் குளிசையிலிருந்து படிப்படியாக இறங்குவது: கொழும்பில் இருப்பவர்களுக்கு

முதலில் கொட்டாவிதான் வந்தது. பின்னேரம் நான்கு மணிக்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாவி. அப்புறம் மூக்கு ஒழுகியது, கண்ணால் நீர் வடிந்தது. ஃபேனைப் போட்டால் உடம்பெல்லாம் புல்லரித்தது, நிறுத்தினால் வியர்த்துக் கொட்டியது. தடிமன் பிடிக்கிறது என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். இரவு இரண்டு காலும் உளைந்து படுக்க முடியாமல் போனபோது டெங்குவாக இருக்குமோ என்ற பயம் வந்தது. மறுநாள் இரத்தம் குத்திப் பார்த்தால் எல்லாம் சரி. முதுகெலும்புத் தட்டு விலகியதற்காக எட்டு மாதம் போட்டுவந்த ட்ரமடோல் என்ற நோவுக் குளிசையை அதற்கு முந்தைய நாள்தான் ஒரேயடியாக நிறுத்தியிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குளிசை எழுதித் தந்த இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

பழகிய மருந்து திடீரென்று நின்றதும் உடம்பு படும் இந்தப் பாட்டை டொக்டர்கள் வித்ட்ரோவல் என்பார்கள். நான் டொக்டர் இல்லை. ஒருமுறை பிழையாக நிறுத்தி மூன்று இரவு வதைபட்டு, திரும்பவும் தொடங்கி, பிறகு சரியான முறையில் ஐந்து மாதத்தில் இறங்கியவன். எந்தக் குளிசையை எவ்வளவு குறைப்பது என்பதை உங்களுக்கு எழுதியவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவரிடம் போகுமுன் என்ன செய்வது, என்ன கேட்பது, வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இது உங்களுக்குத்தானா?

குளிசை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ட்ரமடோல், கொடீன், மோர்பின், ஒக்சிகோடோன், ஃபென்டனில் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் இது உங்களுக்குத்தான். ஓப்பியோயிட் என்ற இனத்து நோவு மருந்துகள் இவை. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் வேறு வர்த்தகப் பெயர் இருக்கும், அதை நம்ப வேண்டாம். பரசிற்றமோலோடு கொடீனோ ட்ரமடோலோ கலந்த குளிசைகள் உண்டு, 'பனடோல் மாதிரித்தான்' என்று நினைத்தே பலர் மாதக்கணக்கில் போடுகிறார்கள். வெறும் பரசிற்றமோல், டைக்ளோஃபெனக், ஐபியூபுரூபன் இந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

ஒப்பரேஷன் முடிந்து மூன்று நாலு நாள் மட்டும் போட்டவர்கள் பெரும்பாலும் சிரமமில்லாமல் நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் போட்டவர்களுக்குத்தான் உடம்பு பழகிப்போயிருக்கும்.

பழகிப்போவதையும் அடிமையாவதையும் நம் ஆட்கள் ஒன்றாகவே பேசுகிறார்கள், அதனால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. பிரஷர் குளிசைகளிலும் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். அதற்காக மாமாவைப் பிரஷர் குளிசைக்கு அடிமை என்று யாராவது சொல்கிறோமா? டொக்டர் சொன்ன அளவில் போட்டிருந்தாலும் உடம்பு பழகத்தான் செய்யும். ஆனால் துண்டில் உள்ளதைவிடக் கூடப் போடுவது, மூன்று பாமசிக்கு மாறி மாறிப் போவது, வீட்டாருக்கு ஒளிப்பது என்ற நிலைக்கு வந்திருந்தால் வேறு உதவியும் சேர்த்து வேண்டும். ராஜகிரியவில் இருக்கும் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கம் அதற்குத்தான்.

முதல் வேலை: நிறுத்தாதீர்கள், எண்ணுங்கள்

ஒரு கொப்பியை எடுங்கள். குளிசையின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நேரம், எந்த மாதத்திலிருந்து என்று எழுதுங்கள். நித்திரைக்கு, பதற்றத்துக்கு, நரம்புக்கு என்று போடும் மற்றக் குளிசைகளையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கிழமைக்கு உண்மையாகப் போட்டதை மட்டும் குறியுங்கள். நான் 'ஒரு நாளைக்கு மூன்று' என்றுதான் சொல்லித் திரிந்தேன். எழுதிப் பார்த்தபோது நான்கு.

கையில் மிச்சம் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்பதையும் பாருங்கள். போயா அன்று கிளினிக் நடக்காது, நீண்ட விடுமுறையில் வழக்கமான பாமசியும் பூட்டியிருக்கலாம். குளிசை தீர்ந்துபோய்த் தற்செயலாக நிறுத்துவதும் திடீரென்று நிறுத்துவதுதான். 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பழகிப்போன நோயாளிகளுக்கு இந்த மருந்துகளைச் சடுதியாக நிறுத்துவதைப் பற்றி எச்சரித்தது. தாங்க முடியாத வலி, கடும் மனவேதனை, தற்கொலை எண்ணம் வரை போனவர்கள் உண்டு என்பதுதான் காரணம்.

வீட்டில் தனியாகத் தொடவே கூடாதவர்கள்

கர்ப்பிணிகள் ஒரு குளிசையைக்கூடத் தாமாகக் குறைக்கக் கூடாது, தாய்க்கு வரும் வித்ட்ரோவல் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். வலிப்பு உள்ளவர்கள், இதய நோயாளிகள், கூடிய அளவில் போடுகிறவர்கள், டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலம் வகைக் குளிசைகளையும் சேர்த்துப் போடுகிறவர்கள், ஒவ்வொரு நாளும் சாராயம் குடிக்கிறவர்கள் எல்லோரும் முதலிலேயே டொக்டரிடம் போக வேண்டும். நித்திரைக் குளிசையையும் சாராயத்தையும் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம்.

புற்றுநோய் வலிக்கு மோர்பின் எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை. மகரகமையில் சிகிச்சை பெறும் அம்மாவுக்கு 'பழகிவிடும்' என்று பயந்து குளிசையை மறைத்து வைக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

டொக்டரிடம் எப்படிச் சொல்வது

எழுதித் தந்தவரிடமே முதலில் போங்கள். சனல் பண்ணிப் போனால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், வெளியே இன்னும் இருபது பேர் இருப்பார்கள். அதனால் கொப்பிப் பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு முதல் வசனத்திலேயே விஷயத்துக்கு வாருங்கள்: "இதை இத்தனை மாதமாகப் போடுகிறேன், படிப்படியாகக் குறைக்க வேண்டும், அட்டவணை போட்டுத் தாருங்கள்." 'நிறுத்த வேண்டும்' என்று மட்டும் சொன்னால் "சரி, நிறுத்துங்கள்" என்ற பதிலும் வரலாம். எனக்கு வந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் கிளினிக் கொப்பியோடு போங்கள், இல்லாவிட்டால் ஓபிடியில் காட்டி உரிய கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லலாம். எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இந்த ஒரு சிங்கள வரியைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: "மட மே பெஹெத டிக டிக அடு கரன்ன ஓனே." இந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். 'டிக டிக' என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். வியர்வை, படபடப்பு, உடம்பு முறுக்கு கடுமையானால் குளோனிடின் போன்ற ஒன்று தர முடியுமா என்று கேளுங்கள். அது பிரஷரை இறக்கும், எழும்பும்போது தலை சுற்றும், எனவே துண்டில்லாமல் வாங்கும் சாமான் இல்லை. மற்றது, பழைய நோவுக்கு இனி என்ன செய்வது? பிசியோதெரபியா, வேறு வகைக் குளிசையா, பயிற்சியா? அதற்குப் பதில் கையில் இல்லாமல் இறங்கத் தொடங்கினால் பாதி வழியில் திரும்பி ஏறிவிடுவீர்கள்.

குறைக்கும் கணக்கு

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டல், ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்கள் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து அளவில், அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது தாங்கக்கூடியது என்கிறது. சில வாரம், சில மாதம் மட்டும் போட்டவர்கள் கிழமைக்கு நூற்றுக்குப் பத்து என்று சற்று வேகமாகப் போகலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் இருப்பது 50 மில்லிகிராம் கெப்சூல். நான் போட்டது நான்கு, அதாவது 200 மில்லிகிராம். அதில் பத்து வீதம் 20 மில்லிகிராம். கெப்சூலை எப்படி வெட்டுவது? ஒரு கெப்சூலை விட்டால் ஒரே நாளில் நூற்றுக்கு இருபத்தைந்து போய்விடும். பலர் விழுவது இந்த இடத்தில்தான். 'குறைத்துப் பார்த்தேன், தாங்க முடியவில்லை' என்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முதல் படியே இரண்டு படியாக இருந்திருக்கும்.

இரண்டாவதாக நான் போன டொக்டர் செய்தது எளிமையான வேலை. 37.5 மில்லிகிராம் ட்ரமடோலும் 325 மில்லிகிராம் பரசிற்றமோலும் கலந்த குளிசை ஒன்று இருக்கிறது. நான்கு கெப்சூலில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தார். 200 என்பது 187.5 ஆனது. இரண்டு கிழமைக்குப் பிறகு இன்னொன்றை மாற்றினார், 175. பிறகு 162.5, பிறகு 150. ஒவ்வொரு படியும் பத்து வீதத்துக்கும் குறைவு. இரண்டு மாதத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது, நான் ஒரு நாளும் வேலைக்கு லீவு போடவில்லை. இப்படிக் கலவைக் குளிசை போடும் காலத்தில் தனியாகப் பனடோல் போடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குப் பரசிற்றமோல் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, ஈரல் பழுது உள்ளவருக்கும் மெலிந்த உடம்புக்கும் அதைவிடக் குறைவு.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். 150இலிருந்து ஒன்றை விட்டால் 112.5, அது பெரிய படி. அந்தப் படியில் மூன்று கிழமை நின்றேன். நிற்பது தோல்வி இல்லை, அட்டவணை உடம்புக்காகத்தான். கீழே போகப் போக ஒவ்வொரு குளிசையும் பாரமாகிக்கொண்டே வரும், கடைசி ஒன்றை விடுவது முதல் ஒன்றை விட்டதைவிடக் கடினம். என் குளிசை உடைக்கக்கூடிய வகை என்று பாமசிஸ்ட் உறுதிப்படுத்திய பிறகு கடைசி நாட்களில் பாதியாக்கிப் போட்டேன். எல்லாவற்றையும் அப்படி உடைக்கக் கூடாது. மெதுவாகக் கரையும் நீண்டநேரக் குளிசையை உடைத்தாலோ நசித்தாலோ நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டியையும் வெட்டக் கூடாது.

ஒரு நாள் நோவு கூடிவிட்டது என்று பழைய அளவுக்குத் தாவ வேண்டாம். தாங்காவிட்டால் இருக்கிற படியிலேயே நின்று டொக்டருக்குச் சொல்லுங்கள்.

குளிசையை யாரிடம் கொடுப்பது

வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை, அவ கோயிலுக்கு நேர்த்தி வைத்து அயல் முழுக்கச் சொல்லிவிடுவா. கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். அட்டைகளை எல்லாம் அவதான் வாங்கி வைத்துக்கொண்டா. ஞாயிற்றுக்கிழமை போனால் நாள் எழுதிய சிறு கடதாசி உறைகளில் ஏழு நாளைக்கு உரியது இருக்கும். "நாளைக்கு உள்ளத இண்டைக்குக் கேட்டா தரமாட்டன் தம்பி, சாப்பிட்டிட்டுப் போ" என்பா. ஒருமுறை புதன்கிழமை இரவு அழைப்பெடுத்துக் கெஞ்சினேன். அரை மணித்தியாலம் வேறு கதை கதைத்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டா. அந்த அரை மணித்தியாலத்தில் அந்த ஆசையும் கடந்து போயிருந்தது.

கெட்ட நாட்கள்

மெதுவாக இறங்கினாலும் சில நாள் உடம்பு முறைத்துக்கொள்ளும். என்ன வரும் என்று அறிய ஒரு சுலபமான வழி, குளிசை உடம்பில் செய்ததை அப்படியே தலைகீழாக நினைத்துப் பாருங்கள். அது மலச்சிக்கல் தந்தது, இனி வயிற்றோட்டம். நித்திரை தந்தது, இனி விழிப்பு. கண்மணியைச் சுருக்கியது, இனி அது விரிந்து வெளிச்சம் கூசும். நோவை அமத்தியது, இனி கொஞ்ச நாள் உடம்பு முழுக்க நோகும். இது பழைய வருத்தம் முற்றிவிட்டதன் அடையாளம் என்று பயப்பட வேண்டாம், வித்ட்ரோவலே நோவைக் கூட்டிக் காட்டும்.

திடீரென்று நிறுத்தினால் சாதாரணக் குளிசைக்கு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஐந்து முதல் பத்து நாளில் அடங்கும். நீண்டநேரக் குளிசை என்றால் பிந்தித் தொடங்கி அதிக நாள் இழுக்கும். ட்ரமடோலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது செரட்டோனின், நோரட்ரனலின் என்ற மூளை இரசாயனங்கள் இரண்டிலும் வேலை செய்வதால் சிலருக்குப் பதகளிப்பு, கை காலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரும். இல்லாதது தெரிந்தாலோ கேட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயிற்றோட்டமும் சத்தியும் சேர்ந்தால் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஜீவனி பக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று உறிஞ்சுங்கள், மடமடவென்று குடித்தால் திரும்பி வந்துவிடும். தெம்பிலி நல்லது, ஆனால் சிறுநீரகப் பழுது உள்ளவர்கள் பொட்டாசியத்துக்காகத் தவிர்க்க வேண்டும். அரிசிக் கஞ்சி, இஞ்சி போட்ட பிளேன்டீ, பாண் துண்டு போதும். இரண்டு மூன்று நாளைக்குச் சாப்பாட்டைப் பற்றி யாரோடும் வாதாட வேண்டாம். எட்டு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், எழும்பினால் மயக்கம் வந்தால், சத்தியில் இரத்தம் கண்டால் வீட்டு வைத்தியம் போதாது.

கால் உளைவுக்கு எனக்கு உதவியது சுடுநீரும் நடையும்தான். இரவு பதினொரு மணிக்கு வெந்நீரில் குளித்துவிட்டு ஹோலுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடப்பேன். பின்னேரத்தில் மெரின் டிரைவ் பக்கம் கடலோரமாக மெதுவாக ஒரு நடை, பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்பினால் அன்றிரவு இரண்டு மணித்தியாலம் கூட நித்திரை கிடைத்தது. நித்திரை வராமல் கட்டிலில் புரண்டுகொண்டே இருக்காதீர்கள், எழும்பி உட்காருங்கள். தேத்தண்ணியைப் பின்னேரத்தோடு நிறுத்துங்கள். இது எனக்கே மிகக் கஷ்டமாக இருந்தது.

கொழும்புக்காரருக்கு ஒரு விசேட எச்சரிக்கை. வித்ட்ரோவலில் கடும் காய்ச்சல் அடிக்காது. உடம்பு நல்லாகக் கொதித்தால் டெங்குவுக்குப் பார்க்கத்தான் வேண்டும். அது தெளிவாகும் வரை ஐபியூபுரூபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் எதையும் தொட வேண்டாம், டெங்குவில் அவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

'இதைப் போட்டுப் பார்' என்பவர்கள்

வருவார்கள். பெரியம்மாவின் லாச்சியில் கிடக்கும் டயசிபாம், நண்பர் ஊற்றும் அரைக் கிளாஸ் சாராயம், பிரிகபலின் கெப்சூல், நித்திரைக்கு நல்லது என்று கடையில் தரும் மதனமோதகம். இவற்றில் முதல் மூன்றும் ஓப்பியோயிட் குளிசையோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும், ஆளே போகலாம். மதனமோதகத்தில் கஞ்சா கலந்திருக்கும், ஒன்றை விடுவதற்கு இன்னொன்று எதற்கு? கொடீன் கலந்த இருமல் சிரப் குடித்தால் குறைத்த கணக்கெல்லாம் குழம்பிவிடும். வயிற்றோட்டத்துக்கு லொபரமைட் போடலாம், ஆனால் அட்டையில் உள்ள அளவோடு மட்டும். அளவுக்கு மிஞ்சினால் இதயத் துடிப்பின் தாளத்தையே குழப்பும். மனச்சோர்வுக் குளிசை எதையும் தானாகத் தொடங்க வேண்டாம், ட்ரமடோலோடு சிலது ஒத்துவராது.

பழைய அளவுக்குத் திரும்புவதுதான் பெரிய ஆபத்து

உடம்பு இறங்கிய அளவுக்குப் பழகிவிடும். இரண்டு மாதத்துக்கு முன் நான்கைத் தாங்கிய உடம்பு இப்போது நான்கைத் தாங்காது. ஒரு கெட்ட இரவில் 'முந்திப் போட்டதுதானே' என்று போடுகிறவர்கள்தான் நித்திரையில் மூச்சு நின்று போகிறார்கள். தட்டினாலும் எழும்பவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது கரகரவென்று வருகிறது, உதடு நீலம், கண்மணி ஊசிமுனை மாதிரி என்றால், தூங்கட்டும் என்று விடக் கூடாது. உடனே 1990க்கு அழைப்பெடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்தபடியே இருங்கள். என்ன குளிசை, எத்தனை என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். இந்தக் குளிசைகளின் வேலையை முறிக்கும் நலொக்சோன் என்ற மருந்து இருக்கிறது, விஷயம் தெரிந்தால்தான் நேரத்துக்குக் கொடுப்பார்கள்.

குளிசை முடிந்த பிறகு

வயிறும் மூக்கும் சீக்கிரம் அடங்கிவிடும். நித்திரையும் மனமும் வாரக்கணக்கில் எடுக்கும். காரணமில்லாமல் அழுகை வரும், பிடித்த சாப்பாடும் சப்பென்று இருக்கும். எனக்கு ஆறாவது கிழமையில்தான் ஒரு வடை ருசித்தது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே 1926க்கு அழைப்பெடுங்கள், அது அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 'அங்கொடைக்குப் போன ஆள்' என்று சனம் கதைக்கும் என்று யோசிக்க வேண்டாம், அழைப்பெடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த முறை பல் பிடுங்கவோ ஒப்பரேஷனுக்கோ போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எனக்கு இந்த மருந்து மாதக்கணக்கில் பழகியிருந்தது என்று.

மிச்சக் குளிசையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். முழங்கால் நோவு என்று சொல்லும் பக்கத்து வீட்டு அன்ரிக்கும் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரி மருந்தகம் திருப்பி எடுக்குமா என்று முதலில் கேளுங்கள். என்னிடம் பதினொன்று மிஞ்சியது. எடுக்க மாட்டோம் என்றார்கள். அக்கா அவற்றை உறையிலிருந்து கொட்டி, அன்றைய தேயிலைச் சக்கையோடு பிசைந்து, பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு மாநகர சபை லொறி வந்தபோது குப்பையோடு கொடுத்தா. பெயர் எழுதிய அட்டையைத் தனியாகக் கிழித்துப் போட்டா.